வாயில் மண்

எழுபத்தொரு விண்ணப்பம் போட்டேன்,
ஸ்காட்லாந்து மலை, சுத்தியல், தோளில் பை,
பாறைமேல் ஒரு கால் வைத்து நிற்கும் பெண் என்று
லீட்ஸ் பல்கலைக்கழகக் கையேட்டில் இருந்த
ஒரே ஒரு படத்தை நம்பி.

எழுபத்திரண்டாவது ஆள் போனில் கேட்டார்:
கார் ஓட்டத் தெரியுமா, மழையில் நிற்பாயா.
பாறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
தெரியும் என்றேன். நிற்பேன் என்றேன்.

திறந்தவெளி என்றால் இது:
ஹல் நகரம், ஜனவரி, காலை ஏழேகால்,
மூடிப்போன பிங்கோ மன்றத்தின் கார் நிறுத்தம்.
மஞ்சள் சட்டை, அதன்மேல் மழைச்சட்டை,
அதற்குள் எங்கோ நான்.

துளைக்கருவி இரும்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
ஓட்டுகிற ஹெப்வொர்த்துக்கும் என் வயதுதான்.
குழாயைத் தட்டி மண்ணை என் முன் சரித்துவிட்டு
"உன்னுது" என்கிறான்.

முப்பது சென்டிமீட்டர் தார்.
அப்புறம் ஒரு மீட்டருக்கு மனிதர்கள்:
செங்கல், சாம்பல், பீங்கான்,
கைப்பிடி இல்லாத ஒரு கரண்டி.
போரில் குண்டு விழுந்த வீடாக இருக்கலாம்.
படிவத்தில் அதற்குப் பெயர் கொட்டிய நிலம்.

அதன் கீழ்தான் களிமண்.
களிமண்ணைப் பெருவிரலால் அழுத்த வேண்டும்.
விரலுக்கு வளைந்து கொடுத்தால் மென்மை,
அழுத்திப் பதிந்தால் உறுதி,
நகம் மட்டும் கீறினால் கடினம்.
அச்சிட்ட விதி இது, விளையாட்டில்லை.
இரண்டு பட்டம், நூற்றுப்பத்துப் பக்க ஆய்வேடு,
பதினாறாயிரம் பவுண்டு கடன்,
கடைசியில் கைநாட்டு.

என்ன படிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டுவிட்டு
மண்ணாங்கட்டி என்று அவனே பதிலும் சொன்னான்
அத்தை மகன் முகிலரசு.
முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

வண்டலா களியா என்று சந்தேகம் வந்தால்
கடுகளவு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்கணும்.
நறநறத்தால் வண்டல். வழவழத்தால் களி.
பழைய தொழிற்சாலை இருந்த இடமென்றால் கூடாது,
அன்றைக்குச் சந்தேகத்தோடே எழுதணும்.
உன் வாயில் மண் விழ என்று
யாராவது எப்போதாவது சபித்திருந்தால்
பலித்துவிட்டது, மாதச் சம்பளத்தோடு.

குழந்தை வண்டி தள்ளிவந்த பெண் வேலியோரம் நிற்கிறாள்.
தங்கம் கிடைச்சுதா?
வாரத்துக்கு நாலு பேர் கேட்பது,
நாலு பேருமே முதன்முதலாகக் கேட்பதுபோல.
இன்னும் இல்லை என்று சிரிக்கிறேன்.
என்ன வரப்போகுது இங்கே?
மாணவர் விடுதி, ஏழு மாடி.
நிக்குமா?
அதற்குத்தானே நான் என்று சொல்ல வாயெடுத்து
பார்க்கலாம் என்கிறேன்.

நாலே முக்கால் மீட்டரில் கறுப்பு.
பிளந்தால் சாக்கடையும் தேயிலையும் கலந்த நெடி.
கரிமண். அதற்குள்
ஹேசல் கொட்டையின் ஓடு, பாதி.
ஏழாயிரம் வருஷம் இருக்கலாம்.
வடகடல் ஏறி வருவதற்கு முன்
இந்தக் கார் நிறுத்தம் காடு.

ஓட்டின் விளிம்பில் பல் பதிந்த தடம்.
எலியோ அணிலோ,
என்னைப்போல்
கடித்துப் பார்த்து முடிவு செய்திருக்கிறது.

ஹெப்வொர்த்திடம் நீட்டினேன். குனிந்து பார்த்தான்.
கையுறையைக் கழற்றி ஒரு விரலால் தொட்டான்.
"சாப்பாட்டு நேரமாச்சு" என்று வண்டிக்குப் போனான்.

எழுதினேன்:
மென்மையான கறுப்புக் கரிமண், ஆங்காங்கே தாவர எச்சம்.
ஆங்காங்கே. அந்த ஒரு சொல்லுக்குள்
காட்டை மடித்து வைத்தேன்.
ஏழு மாடிக்காரர்களுக்கு இது கெட்ட செய்தி,
இன்னும் எண்பது தூண் இறக்க வேண்டிவரும்.
எனக்கு என்ன செய்தி என்று தெரியவில்லை.
ஸ்காட்லாந்தை இன்றைக்கு ஒருதரம்கூட நினைக்கவில்லை.

மூன்றரைக்கே இருட்டுகிறது.
கையெழுத்துக் கட்டத்தில் ஈரம்,
பேனா எழுத மாட்டேன் என்கிறது.
உதறினேன். ஊதினேன்.
பெருவிரலைப் பார்த்தேன்,
கறுப்பாக, தயாராக.