அலகு ஒன்பது, பக்கம் 112

சௌகிட் பக்கம் ஒரு ஹோட்டல், ஏழாவது மாடி.
பாடநூல் குழுவில் பதினொரு பேர்.
ஏர்கோன் பதினெட்டில்.
நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு
பூமி சூடாவதைத் தமிழ்ப்படுத்துகிறேன்.

மலாய் மூலத்தில் ஒரே ஒரு பத்தி,
நாற்பத்திரண்டு சொல்.
'பருவநிலை' என்று எழுதினேன்.
"நமக்கேது பருவம்? வெயில், மழை, அவ்வளவுதானே"
என்றார் செந்தூரச்செல்வன், மொழிப் பொறுப்பு.
'காலநிலை' ஆனது.
அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

படத்தில் பனிக்கரடி.
ஒப்புதல் வாங்கிய கரடி;
நகர்த்த மூன்று பாரம், இரண்டு கையெழுத்து.
"இதற்குப் பதிலாக
ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் போடலாமா,
மேசைகள் மிதக்கிற மாதிரி?" என்றேன்.
புவான் ரோஸ்னானி நிமிர்ந்து பார்த்தார்.
ஷா ஆலாமில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது.
கொஞ்சம் பொறுத்து, மலாயில் சொன்னார்:
அடுத்த கலைத்திட்டத்தில் பார்ப்போம்.

அடுத்தது என்றால் ஏழு வருடம்.
இன்று முதலாம் ஆண்டில் பென்சிலைக் கடிக்கிறவள்
அதற்குள் இடைநிலைப் பள்ளியில் இருப்பாள்.

செகாம்புட்டில் நான் முன்பு படித்துக்கொடுத்த பள்ளி.
வெள்ளம் வடிந்த மறுவாரம்
வகுப்புச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு.
யோகரூபி ஸ்கேலை மேலே மேலே வைத்து அளந்தாள்:
தொண்ணூற்றேழு.
"டீச்சர், என் தம்பி இதுக்குள்ள முழுசா போயிருவான்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
அதிகாரிகள் வருமுன்
தலைமையாசிரியர் வெள்ளையடித்துவிட்டார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்,
பெயின்ட் வாங்கியது சொந்தக் காசில்.

பயிற்சி மட்டும் எங்கள் பொறுப்பு.
பக்கத்தின் அடியில் ஆறு வரி மீதி இருந்தது.
எழுதினேன்:

*3. உன் பள்ளிச் சுவரில் தண்ணீர் நின்ற தடம் உண்டா?
தரையிலிருந்து அளந்து எழுதுக.
தடம் இல்லையெனில்,
சுவருக்குக் கடைசியாக எப்போது வெள்ளையடித்தார்கள்
என்று கேட்டு எழுதுக.*

யாரும் மறுக்கவில்லை. மணி ஐந்தரை;
கோம்பாக் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது,
கீழ்த்தளத்தில் கார் நிறுத்தியவர்கள்
ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஆசிரியர் பிரதியில் விடை இல்லாமல் கேள்வி போகக்கூடாது.
அது விதி.
மடிக்கணினியை மூடுமுன் தட்டினேன்:

விடைகள் மாறுபடும்.