பதினேழாம் எண் ஃபியூஸ்

டாக்டர் சொன்னது பன்னிரண்டு மாதம்.
மறுபடி வராமலிருந்தால்
அடுத்த செப்டம்பரில் லைசென்ஸ்.
லோர்னுக்குத் தானிய லாரி இருக்கிறது,
பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து.
ஆகவே அக்டோபரின் முதல் சனிக்கிழமை
ஓஸ்டாப்பின் தகரக் கொட்டகைக்கு
வேனைக் கொண்டுவந்தோம்.
நான் பக்கத்து இருக்கையில்.
திருப்பம் வந்தபோது
என் வலது கால் தானாகவே
இல்லாத பிரேக்கை மிதித்தது.

டாங்க் ததும்பப் பெட்ரோல்.
கெடாமலிருக்க ஊற்றும் மருந்தைக் கலந்து
பத்து நிமிடம் ஓடவிட்டாயிற்று.
டயர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று.
பாட்டரியைக் கழற்றும் முன்
ஒன்று தெரிய வேண்டியிருந்தது எனக்கு:
கோடையில் இரண்டு முறை
காலையில் செத்துக் கிடந்ததே, ஏன்?

எதிர்முனையைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினேன்.
கதவுப் பூட்டின் நாக்கைத் திருப்புளியால் அமுக்கி
கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்தேன்.
நாற்பது நிமிடம் பொறுக்கச் சொல்கிறது கையேடு.
எல்லாம் அணைந்த பிறகும்
உள்ளே எதெதுவோ விழித்திருக்குமாம்.
"இன்னும் தூங்கலையா?" டெஸ்ஸா கிசுகிசுத்தாள்.
இல்லை.
நானூற்றுப் பத்து மில்லி ஆம்பியர்.
ஐம்பதுக்குள் இருக்க வேண்டும்.

மூடியின் உட்புறத்தில் எறும்பளவு படங்கள்.
கொம்பு, விளக்கு, விசிறி,
தலைகீழாய்ப் பார்த்தால் ஆமை போல ஒன்று.
சிவப்பு பத்து, நீலம் பதினைந்து,
மஞ்சள் இருபது.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து,
திரும்பச் செருகினேன்.
ரேடியோ இல்லை. கூரை விளக்கு இல்லை.
பதினேழில் கை நின்றது.
நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை.
முப்பது.

"அது அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது" என்றான் லோர்ன்.
"போகத்தானே வைத்திருக்கிறார்கள்."
"கடையில் நீலம் இல்லை."
இது போகாவிட்டால் கம்பி எரியும்,
கம்பி ஓடுவது பிள்ளைகளின் இருக்கைக்கடியில் என்றேன்.
நான் கம்பியைப் பற்றித்தான் பேசினேன்.
அவன் என் நெற்றியைப் பார்த்துவிட்டு
கையுறையைத் தேடப் போனான்.

பச்சையைப் பிடுங்கியதும்
மீட்டர் முப்பதுக்கு இறங்கியது.

பதினேழு: பின்பக்கச் சாக்கெட்.
மூன்றாம் வரிசைக்குக் கீழே கைவிட்டுத் துழாவினேன்.
பிஸ்கட் தூள், ஒற்றைக் காலுறை,
சார்ஜரில் செருகியபடி
வேடின் மஞ்சள் வாக்கி டாக்கி.

இன்னொன்று அவனுடைய சட்டைப்பையில்.
ஒன்பது வயது. முகம் சிவந்துபோயிற்று.
"பெட்ரோல் பங்கில் அன்று
யாரையும் கூப்பிட முடியவில்லை அம்மா."
அன்று வண்டி நின்றிருந்தது.
ஓடவில்லை. நல்லவேளை
என்று ஊரே என்னிடம் சொல்லிவிட்டது.
ஊர் முன் இருக்கையைப் பற்றிப் பேசியது.

இந்தப் பொம்மை இரண்டு கிலோமீட்டர் எட்டும்.
நாங்கள் வழக்கமாய்ப் போகும் சாலையில்
இரண்டு கிலோமீட்டருக்குள்
கோதுமைதான் இருக்கும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது.
எலிகளுக்காகச் சைலன்சர் வாயிலும்
காற்றுக்குழாயிலும் இரும்புக் கம்பளி.
கைப்பிரேக் போடவில்லை,
குளிரில் ஒட்டிக்கொள்ளும்;
சக்கரத்துக்கு மரக்கட்டை.
பாட்டரியை லோர்ன் நிலவறைக்குத் தூக்கிவந்தான்,
சத்தமில்லாமல்,
தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல்.

ஸ்டியரிங்கில் எனக்கு நானே எழுதி ஒட்டிய சீட்டு:
*முதலில் இரும்புக் கம்பளியை எடு.*
*இரண்டு இடத்தில்.*
*17-இல் நீலம் மட்டும்.*
கீழே தேதி போட்டேன்.
வருடத்தை எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன்.

இரவு பதினொன்று இருக்கும்.
என் தலைமாட்டில் மஞ்சள் பொம்மை ஒருமுறை கரகரத்தது.
பேச்சில்லை, மூச்சு மட்டும்.
நானும் பொத்தானை அமுக்கினேன்,
கொஞ்ச நேரம்
அப்படியே பிடித்திருந்தேன்.