ஒரு வரி காலி

மணலி எடைமேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
லாரி ஏறும், பலகை லேசாக அமுங்கும்,
எண் ஓடி நிற்கும், எழுதுவேன்.
மார்ச் பதினொன்று, இரண்டே காலிலிருந்து
நாலு நாற்பதுவரை
ஏழு லாரிகள்.
எடை சரி. வண்டி எண் சரி. சீல் நம்பர் சரி.
கையெழுத்து என்னுடையதில்லை.

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து,
'ழ'வுக்கு வால் நீளம்.
சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்து
"இன்னாம்மா, நேத்து நீட்டா எழுதிக்கீற" என்றார்.

அதற்கு முன்னாலும் உண்டு.
பையில் நான் வாங்காத கிளிப், ரோஜா நிறம்.
விம்கோ நகரில் மெட்ரோ நின்று
கூட்டுகிற அம்மா தோளைத் தொட்டு
"கடேசி ஸ்டேஷன்" என்ற மத்தியானம்.
எப்போது ஏறினேன்?
செருப்பில் ஈர மணல்.

அண்ணன் லூர்து ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துப் போனான்.
தலையில் கைவைத்து "வெளியே வா" என்று கத்தினார்கள்.
யார் வரவேண்டும் என்று சொல்லவில்லை.
நானே போய்விட்டேன் போலிருக்கிறது.
அடுத்து ஞாபகம் வருவது
தண்டையார்பேட்டை ஜூஸ் கடை, பாதி குடித்த சாத்துக்குடி.

பெரியாஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டி
வலிப்பு இல்லை என்று எழுதினார்கள்.
இன்னொரு வரிசை. டோக்கன் நூற்றுப் பதினேழு.
"குரல் கேக்குதா?"
கேட்கிறது, ஆனால் காதில் இல்லை,
பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் நகர்த்துகிற மாதிரி
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
மாத்திரை எழுதியாயிற்று.
ஆறு மாதம் தூங்கினேன்.
என்னோடு எல்லோரும் தூங்கினார்கள்.
ஒருத்திக்கும் ஆறவில்லை.

பிறகு போன்.
"நாங்க குடி, குடும்பம், கொழந்தைங்க படிப்பு, இதான் பாக்குறோம்."
"அதெல்லாம் சினிமாவுல வர்றதும்மா."
அடையாறிலிருந்து ஒருவர் அன்பாகத்தான் பேசினார்,
மணிக்கு மூவாயிரம்.
பதினாலாவது எண்ணில் ஒரு பெண் குரல்
"எத்தன நாளா நேரம் காணாமப் போவுது?" என்றது.
பேய் என்றும் சொல்லாத பொய் என்றும் சொல்லாத
முதல் கேள்வி.
வைத்துவிட்டு அழுதேன்.
மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அடித்தேன்.

பெரம்பூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
ஷமீமா மேடம், இரண்டு நாற்காலி, ஒரு மேசைவிசிறி.
சம்பளத்தைக் கேட்டுவிட்டு முந்நூறு போதும் என்றார்.
முதல் மாதம் எதையும் கிளறவில்லை.
"மொதல்ல தரை. அப்புறந்தான் தோண்டறது."
காலை அழுத்தி ஊன்றச் சொன்னார்.
காதுக்கு என்ன? ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சங்கு.
கண்ணுக்கு? உங்கள் மூக்குத்தி, கிழிந்த காலண்டர்.
மூக்குக்கு?
மணலிக் காற்று என் சுடிதாரோடு மாடி ஏறி வந்திருந்தது.
இருவரும் சிரித்துவிட்டோம்.

பதினோராம் வாரம் கேட்டேன்,
"அவளுங்கள எப்ப வெளிய அனுப்புவீங்க?"
விசிறி ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது.
"எங்க அனுப்புறது செலஸ்டி,
அவங்களுக்கும் வேற வீடு இல்லியே."

கோபத்தில் படி இறங்கியவள்
இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.
பையில் இரண்டு ரசீது இருந்தது.
யாரோ போயிருக்கிறாள்,
நேரத்துக்கு.

மேடம் நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார்.
எழுது, அடியில் ஒரு வரி காலி விடு.
அவ்வளவுதான் வைத்தியம் அந்த வாரம்.
எழுதினேன்:
'அந்த ஏழு லாரிக்கு தேங்க்ஸ்.'
ஒரு வரி காலி.
நாலு நாள் காலியாகவே கிடந்தது.

ஐந்தாம் நாள் ஷிப்ட் முடிந்து
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்க,
ஷேர் ஆட்டோவில் பையைத் திறந்தேன்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து:
'மழ வந்தா கேபின் ஜன்னல சாத்து.
சின்னவளுக்கு இடின்னா பயம்.'

'ழ'வின் வால்
அடுத்த வரிவரை இறங்கியிருந்தது.

சின்னவள் யாரென்று எனக்குத் தெரியாது.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டேயிருந்தது.
அன்றிரவு வானத்தில் ஒன்றுமில்லை, ஒரு மின்னல்கூட.
லாரிகளுக்கு நடுவில் எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினேன்.