ஒற்றை பூட்ஸ்

புந்தா அரெனாஸில்
காற்று மிகுந்த நாளில்
தெருமுனையில் கயிறு கட்டுகிறார்கள்,
பிடித்து நடக்க.
வீட்டுக்குள் எனக்கு அப்படி ஒன்றுமில்லை.

அயெலென் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.
நிஜமாகவே.
இடது பூட்ஸ் போட்டாயிற்று,
வலதுக்கு ‘மாட்டேன்’.
இரண்டரை வயது மாட்டேனிடம்
காரணம் கேட்கக் கூடாது.

நான் சின்னவனை மார்பில் அணைத்து உட்கார்ந்தால் போதும்,
மாவு டப்பா குளியல் தொட்டிக்குப் போய்விடும்.
முன்போல இடுப்பில் தூக்கிவைத்தால் அடங்குவாள்.
தையல் இழுக்கிறது.
அதை இவளுக்கு எந்தச் சொல்லில் சொல்ல?

லௌதாரோ வந்து பதினேழு நாள்.
தொட்டிலில் எட்டி அவன் கால்விரல்களை எண்ணுகிறாள்,
ஆறோடு நிறுத்திவிடுகிறாள்.
மிச்சத்தை நான் சொன்னால் கோபம்.
‘நீ எண்ணாதே.’
பிறகு,
‘அப்பா போற கப்பல்ல இவனையும் அனுப்பிடு.
திங்கக்கிழமை.’

இன்று கடைக்குப் போகையில்
முனை திரும்பியதும் அறைந்தது காற்று.
தள்ளுவண்டியின் மூடி எகிறிற்று.
நான் கயிற்றைப் பிடித்தேன்.
அவள் வண்டியைப் பிடித்தாள்,
ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் ஈரச் சாக்ஸ்,
முகமெல்லாம் வாயாகக் கத்தினாள்
காற்றைப் பார்த்து:
மாட்டேன்! தரமாட்டேன்!

காலையிலிருந்து என்மேல் எறிந்துகொண்டிருந்த
அதே சொல்.

வீடு வந்தோம்.
கதவைக்கூட இன்னும் சாத்தவில்லை,
‘திங்கக்கிழமை எப்போ?’ என்கிறாள்.

வலது பூட்ஸ் கிடைத்தது,
அடுப்புக்குப் பின்னால்.
உள்ளே கணுக்கால் வரை மாவு.