மிஞ்சிய கிளிப்

கல்முனை. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற நண்பகல்.
லொறிக்கு ஹீட்டர் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.
"கருவாட்டுக்குப் போர்வையும் தைச்சுக் குடேன்"
என்கிறார் ரயர்க்கடை மிஸ்வர்.
வெயில்கூட நின்று சிரிப்பதுபோல் இருந்தது.

அஜ்வத் சிரிக்கவில்லை.
நுவரெலியாவில் சரக்கை இறக்கிவிட்டு
லீக்ஸுக்குக் காத்துக் கேபினில் படுப்பவன்.
போன மார்கழியில் ஒரு விடியல்
விரல் விறைத்துத் திறப்பைத் திருப்ப முடியாமல்
பல்லால் திருப்பப் பார்த்தவன்.

சின்னப் பெட்டிதான்,
சீற்றுக்கடியில் நாய்க்குட்டிபோல் அடங்கிவிடும்.
டீசலைச் சொட்டுச் சொட்டாய்க் குடிக்கும்.
பம்பு பல்லிமாதிரி டிக், டிக்.
தரையில் துளை போட்டேன்
அது மூச்செடுக்க ஒன்று, மூச்சுவிட ஒன்று;
இரண்டையும் தள்ளித் தள்ளி.
விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால்
அதுவும் சாகும், படுத்திருப்பவனும்.

சொன்னேன்:
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வை.
டீசல் அடிக்கிற இடத்தில் இதைப் போடாதே.
நிற்பாட்டியதும் பற்றரியைக் கழற்றாதே,
காற்றாடி தானாய் ஓயும்வரை பொறு,
உள்ளே நெருப்பிருந்த கூடு ஆறவேண்டும்.
புகைக்கு மணம் இருக்கும்,
அதோடு கூட வருவதற்கு இல்லை.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"மணித்தியாலத்துக்கு எவ்வளவு குடிக்கும்?"

இரவு ஒன்பதரை.
தீப்பெட்டி தேடிப் பைக்குள் விட்ட கையில்
ஒரு கிளிப்.
இருபத்துநாலு மில்லிமீற்றர்.
புகைக்குழாயின் கழுத்தில் இருக்கவேண்டியது.

போன் அடிக்கிறது. அடிக்கிறது.
மகா ஓயாவுக்கு அங்கால் சிக்னல் இல்லாத காடு,
யானைக்கு வழிவிட்டு நிற்கிறானோ.
பதினோராவது தடவை எடுத்தான்.
"பதியத்தலாவையில பிளேன்ரீ குடிக்கன்.
வேர்த்து ஊத்துது மச்சான், ஹீட்டர ஆரு போட்ட?"

போடாதே என்றேன்.
கிளிப் என் கையில் என்றேன்.
திரும்பி வா என்றேன்.
"லீக்ஸுக்காரன் நிப்பானா?"
கொஞ்ச நேரம் தேநீர் உறிஞ்சும் சத்தம்.
"சரி. போடல்ல."

சரி என்பது எவ்வளவு பாரம் தாங்கும்?
ஃபேன் முழு வேகத்தில் சுற்ற
வெறும் மேலோடு பாயில் கிடக்கிறேன்.
இரண்டு மணிக்கு அங்கே பனி இறங்கும்.
மூன்று மணிக்கு அவன் கை
அந்தச் சுவிட்சுக்குப் போகும், போகாது, போகும்.
கிளிப்பை விரலில் மாட்டிக் கழற்றி
மாட்டிக் கழற்றி
சுபஹு பாங்கு கேட்டுவிட்டது.

ஆறு பத்துக்கு அவனே எடுத்தான்.
இருமல். பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு,
"செத்துட்டன் மச்சான் குளிரில!"

அந்தச் சொல்லை இவ்வளவு ஆசையாய்
நான் கேட்டதே இல்லை.

"கூலில அரவாசிதான் தருவன்" என்றான்.
தராதே என்றேன். உள்ளங்கையில்
வட்டமாய் ஒரு தழும்பு, சிவப்பாய்.