பதினேழாவது

பதினேழு கத்திகள்.
எண்ணிய பிறகுதான் உறைத்தது, ஒற்றைப்படை.
சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து
ஸ்டூரே ஒவ்வொன்றாய் வைத்தான்,
முனைகள் ஜன்னல் பக்கம், பிடிகள் எங்கள் பக்கம்.
எஸ்கில்ஸ்தூனாவில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.

வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தாள்:
மாறி மாறி எடுங்கள், விலை பேசாதீர்கள்.
வீட்டுக்கும் படகுக்கும் தலையாட்டியவர்கள்
இதற்கா மல்லுக்கு நிற்பீர்கள் என்றாள்.
அவளுக்குக் கத்தி தெரியாது.

நாணயம் எனக்கு விழுந்தது.
பிர்ச் மரப் பிடி போட்டதை எடுத்தேன்.
பூ இல்லை, பொட்டு இல்லை.
கட்டைவிரல் வந்து உட்காரும் இடத்தில்
அலகின் முதுகு அரை மில்லிமீட்டர் தணிந்திருக்கும்,
அவ்வளவுதான்.
அந்த அரை மில்லிமீட்டருக்கு
நாலு மாதச் சேமிப்பைக் கொடுத்தவள் நான்.
"ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாம்"
என்றான் ஸ்டூரே.
இருபத்திரண்டு வருடமாய் அதே வசனம்.

அவன் எடுத்தது கழுகு.
வெண்கலக் கழுகின் அலகு பிளந்து
கத்தியின் அலகு வெளியே வரும்.
கண்ணுக்கு இரண்டு மாணிக்கம்.
பிடி, மாமத் தந்தம்; தந்தத்தில் செதுக்கிய காடு;
காட்டில் ஓநாய்; ஓநாயின் பல்லில் தங்கம்;
தங்கத்திலும் ஏதோ எழுதியிருக்கிறதாம்,
பூதக்கண்ணாடி வேண்டும்.
பொன் கத்தி என்று கழுத்தை நீட்டவா முடியும்
என்பேன் நான்.
கழுத்துக்கு யார் கேட்டது, கண்ணுக்கு என்பான்.

கண்காட்சிகளில் எங்களைப் பார்த்ததும்
கொல்லர்கள் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள்.
ஒரே மேசை முன் ஒருவர் பெருமூச்சு விட
இன்னொருவர் உதடு சுழிப்போம்.
எந்த முகத்தை நம்புவது என்று
பாவம் அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு, மூன்று, நான்காம் சுற்று
சீட்டாட்டம் போல வேகமாய்ப் போனது.
அவன் எதை எடுப்பான் என்று எனக்குத் தெரியும்,
துடைக்கும் துணியை முன்னமே நீட்டினேன்.

ஐந்தாவது சுற்றில் அவன் கை
கழுகுகளை எல்லாம் தாண்டி வந்து
என் மடக்குக் கத்தியின் மேல் நின்றது.
சாம்பல் டைட்டானியம், மொட்டை,
பத்து வருடமாய் அவன் பரிகாசம் செய்தது.
"அது எதற்கு உனக்கு?"
"மூடும்போது ஒரு சத்தம் வருமே" என்றான்.
"யோசிக்கும்போது மூடி மூடித் திறப்பாய்.
பக்கத்து அறையில் கேட்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் முறை என்று அவன்தான் நினைவூட்டினான்.

கடைசியில் அது மட்டும் துணியில்.
யொக்மொக் சந்தையில், மைனஸ் முப்பத்தொன்றில்,
ஹில்யா என்ற பெண்ணிடம் வாங்கியது.
அலகில் பாதிவரை அல்லிக்கொடி ஓடும்,
பிறகு சட்டென்று நின்று வெறும் எஃகு,
செய்தவளுக்கே அலுத்துப்போன மாதிரி.
யாருக்கு என்று அவள் கேட்டபோது
இருவரும் எதிரெதிரே விரல் நீட்டினோம்.
கையுறைக்குள் இருந்த விரல்,
அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.

"எடுத்துக்கொள், உனக்குப் பிடித்தது."
"எனக்கா? உனக்காக அல்லவா வாங்கியது!"

பதினோரு வருடம் முறை வைத்து
எண்ணெய் தடவியிருக்கிறோம், அதுவும் பரிவோடு.
ஸ்டூரே சிரித்தான். நானும்.
அதற்கு மேல் அந்தச் சிரிப்புக்குப் போக இடமில்லை.

பெட்டிகளை ஒட்டும்போது
நாடாவை அறுக்க ஒன்றும் இல்லை.
அவன் சமையலறைக்குப் போய்
இழுப்பறைகளை உருட்டினான்.
கத்தரிக்கோல் காலையிலேயே என் பெட்டிக்குள் போய்விட்டது.
பல்லால் கடித்துப் பார்த்தான்.
பிறகு இருவரும்
மேசையைப் பார்த்தோம்.

சேகரித்த கத்தி எதையும் வெட்டக் கூடாது.
நாங்கள் ஒத்துப்போன சட்டம் அது ஒன்றுதான்.

நான் எடுத்தேன்.
நாடா சத்தமில்லாமல் விலகியது.
"கூர் இருக்கிறது" என்றான்,
யாரோ ஏமாற்றிவிட்ட குரலில்.

மூன்று பெட்டி முடிவதற்குள்
அல்லி இதழ்களில் பசை அப்பிக்கொண்டது.
துடைக்க வேண்டும்.
எண்ணெய்ப் புட்டி
யார் பெட்டிக்குள் போனதென்று
இருவருக்கும் நினைவில்லை.