இரண்டேகால் மணி வழி

இந்தக் கல்லில் மைல் கிடையாது.
மணிதான்.
கிழக்கு முகத்தில், தபால்காரனின் ஊதுகொம்புக்குக் கீழே:
டுப்ராவிட்ஸ் – இரண்டேகால் மணி.
ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்தில்,
சாக்சனி மன்னன் நட்டது.
அது நடக்கிறவனின் மணி:
மழையில் ஒதுங்காத, சத்திரத்தில் உட்காராத,
எதிரே வருகிறவனிடம் பேச்சு வளர்க்காத
யாரோ ஒருவனின் மணி.

நான் சாலைக் கிடங்கின் ஆள். புல் வெட்டுகிறேன்.
மற்ற இடமெல்லாம் வண்டியிலேயே வழித்துக்கொண்டு போவேன்.
இங்கே இறங்க வேண்டும்.
கல்லைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்
இயந்திரம் வரக்கூடாது என்பது சட்டம்.
அரிவாள்தான்.
பனிக்காலத்தில் உப்புத் தட்டை
வளைவிலேயே மூடி,
கல்லைத் தாண்டித் திறக்க வேண்டும்.
ஒருமுறை மறந்தேன்.
முத்திரையோடு கடிதம் வந்தது.

டுப்ராவிட்ஸுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.
எழுபத்தெட்டில் அதன் அடியில் நிலக்கரி இருந்தது.
அதற்கு முன்பும் இருந்தது;
எழுபத்தெட்டில்தான் தேவைப்பட்டது.
வீடுகள், கொட்டகைகள், இடுகாடு என்று தோண்டிக்கொண்டே வந்து
கடைசியில் தேவாலய மணியை இறக்கி
எடை போட்டுக் கொண்டுபோனார்கள்.
கல்லில் இருக்கும் மணியை
யாரும் இறக்கவில்லை.

எனக்கு அப்போது நான்கு வயது.
எங்களுக்கு அடுக்ககத்தில் மூன்றாம் மாடி.
வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு
அம்மா வெகுநேரம் கையை நீட்டியபடி நின்றாள்.
ஊர் ஞாபகம் என்று யாராவது கேட்டால்
என்னிடம் இருப்பது அந்த ஆவிதான்.

ஏப்ரல்தோறும் வெண்டுலா சோஹே வருவார்,
பாரம்பரியச் சின்னங்கள் அலுவலகத்திலிருந்து.
விரிசலுக்கு ஒரு மெல்லிய தகடு,
பாசிக்கு ஒரு தூரிகை, ஒரு படிவம்.
ஏழாம் கேள்வி:
கல்வெட்டு நடப்பு நிலைக்குப் பொருந்துகிறதா?
முதல் வருடம் 'இல்லை' என்று எழுதினார்.
காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.
இப்போது அந்தக் கட்டத்தில்
ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு
எட்டாம் கேள்விக்குப் போய்விடுகிறார்.

போன கோடையில் எழுத்துக்குக் கறுப்பு ஏற்ற
ஒட்டோகார் ஹன்ட்ரிக் வந்தார்.
ஏணியின் நாலாம் படியிலிருந்து கேட்டார்:
"இல்லாத ஊருக்கும் பூசணுமா?"
"வெட்டியிருப்பதைப் பூசுங்கள்."
"இரண்டேகாலுக்குமா?"
"ஏன், காலை விட்டுவிடலாம் என்கிறீர்களா?"
யாரும் சிரிக்கவில்லை.
மற்ற எட்டு ஊர்களுக்கும் ஒரு முற்பகல் போதுமாயிருந்தது.
டுப்ராவிட்ஸுக்கு
தூரிகையை மாற்றிக்கொண்டார்.

ஈரம் காய்வதற்குள் என்று சொல்லலாம்,
அடுத்த வாரமே சைக்கிளில் இரண்டு பேர்.
பளிச்சென்றிருந்த பெயரைப் படித்துவிட்டு,
கைபேசியில் தேடிக் கிடைக்காமல்,
என்னிடம் வந்தார்கள். எந்தப் பக்கம்?
சொல்லியிருக்க வேண்டும்:
ஒரு மணி வழியில் தார் முடியும்,
ஒரு கம்பித்தடுப்பு, அப்புறம் ஏரி;
பள்ளத்தில் ஆற்றைத் திருப்பி நிரப்பி
புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று.
அரிவாளால் கிழக்கைக் காட்டினேன்.
கல்லும் அங்கேதான் காட்டியது.
சாட்சி இரண்டு, பிறகென்ன,
கிளம்பிவிட்டார்கள்.

நிழல் சாலையைத் தாண்டிய நேரத்தில் திரும்பினார்கள்.
அவள் தலைமுடி சொட்டிக்கொண்டிருந்தது.
அவன் கைப்பிடியில் ஈரத் துண்டு.
"போய்ச் சேர்ந்தீர்களா?"
கோபிப்பாள் என்று நினைத்தேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"நீந்தினோம்," என்றாள். "நடுவில்
கால் எட்டவில்லை."
எவ்வளவு ஆழம் என்று என்னைக் கேட்டாள்.
எங்கள் சமையலறையிலிருந்தா,
மாதா கோயில் கூரையிலிருந்தா,
எதிலிருந்து அளப்பதென்று தெரியாமல்
"குளிராக இருந்ததா?" என்றேன்.
"மேலே இல்லை," என்றாள்.

வேலைக் குறிப்பேட்டில் அன்று எழுதியது:
கல்லின் கிழக்கு முகம். புல் அகற்றப்பட்டது.
இரண்டு மீட்டர்.
கையால்.